முத்திரை உடைக்காத பெட்டி

மூடிய கதவுக்குப் பின்னாலிருந்து அந்தச் சத்தம் வரும். ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரே அளவு பலம் கொடுத்து, டக் டக் டக் என்று வரி முடியும்வரை போகும். வரி முடிந்ததும் ஒரு சின்ன நிறுத்தம். பழைய டைப்ரைட்டரில் மணி அடித்ததும் இடது கையால் தள்ளிவிடுவார்களே, அந்த நேரம். கம்ப்யூட்டரில் தள்ளுவதற்கு ஒன்றுமில்லை. ஆனாலும் உள்ளே டைப் செய்கிறவளின் கை நின்றுவிட்டுத்தான் அடுத்த வரிக்குப் போகும். எப்போதாவது தப்பாக அடித்துவிட்டால் நாக்கைத் தட்டுவாள். த்சு. கதவுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கும் எனக்கு அது தெளிவாகக் கேட்கும். ஒரு நாளைக்கு மூன்று த்சு வந்தால் அதிகம்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், இந்தப் புது லேப்டாப் பெட்டியைப் பிரித்ததும் நீ கேட்டாயே அம்மா, கம்பெனிக்காரன் போட்டு அனுப்பியது எல்லாம் அப்படியே இருக்கட்டுமா என்று. வேண்டாம். எல்லாவற்றையும் எடுத்துவிடு. எதற்கு என்று தெரியாத ஒன்றுகூட இருக்கக் கூடாது. என் மகள் ஆசைப்பட்டு அனுப்பியிருக்கிறாள். அவளுக்கு என்ன தெரியும்? புதுசு என்றால் சுத்தம் என்று நினைக்கிறாள். நானும் அப்படி நினைத்தவள்தான்.

நீ வேலையைப் பார். நான் பேசிக்கொண்டிருக்கிறேன். புத்தகத்தைப் பார்த்துப் படிப்பது மாதிரி பேசுகிறேன் என்று உனக்குத் தோன்றும். என் மாணவிகளும் அப்படித்தான் சொல்வார்கள். முப்பத்தோரு வருஷம் தமிழ் நடத்திய வாய். இனிமேல் மாறாது.

கடைசி ஆறு வருஷம் எனக்குத் தேர்வுப் பொறுப்பைக் கொடுத்தார்கள். எங்களுடையது பெண்கள் கல்லூரி. கேள்வித்தாளை நாங்களே தயாரித்து, நாங்களே பரீட்சை நடத்தி, நாங்களே மதிப்பெண் போடலாம் என்று உரிமை வாங்கிய கல்லூரி. வெளியூர்ப் பேராசிரியர்கள் கையால் எழுதிய கேள்விகள் அரக்கு வைத்த உறையில் எனக்கு வரும். அவற்றை டைப் செய்ய ஒரே ஓர் ஆள். பாக்கியசீலி. பதினேழு வருஷமாக அந்த வேலை அவளுடையது. எனக்கு முன்னால் இருந்த இரண்டு பேருக்கும் அவள்தான் டைப் செய்தாள். அவளுடைய அண்ணன் தேவசகாயம் எங்கள் ஆபீசில் அட்டெண்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் சொல்லித்தான் அவளை வேலைக்கு எடுத்தார்கள். அவள் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அண்ணன் வீட்டில்தான் இருந்தாள்.

என் காலத்தில் விதிகளை இறுக்கினேன். அதில் எனக்குப் பெருமைதான், மறைப்பானேன். காலையில் வந்ததும் பாக்கியசீலி தன் செல்போனை என் மேசையில் வைக்க வேண்டும். கைப்பை வெளியே. சாப்பாட்டு டப்பாவைக்கூடத் திறந்து காட்டிவிட்டுத்தான் உள்ளே கொண்டுபோவாள். அவள் உள்ளே போனதும் நான் வெளியே பூட்டுவேன். அந்த அறையில் ஒரு கம்ப்யூட்டர், ஒரு மேசை, ஒரு நாற்காலி, ஒரு மின்விசிறி. ஜன்னலை அடைத்துவிட்டேன். "காத்தாடி ஓடுது மேடம், போதும்" என்றாள்.

அந்த அறையில் இருந்தது பழைய கம்ப்யூட்டர். ஏழெட்டு வருஷமான மெஷின். பல பேர் கைபட்டது, அதில் என்ன இருக்கிறதோ என்று எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. புது லேப்டாப் கேட்டேன். பாக்கியசீலிக்கு விருப்பமில்லை. "பழசே நல்லாத்தான் மேடம் ஓடுது. கீயெல்லாம் என் விரலுக்குப் பழகிட்டு" என்றாள். விரலுக்குப் பழகியதற்காக ரகசியத்தை விட முடியுமா?

புது லேப்டாப் வந்தது. முத்திரை உடைக்காத பெட்டி. முதல்வர் முன்னிலையில் நானே கத்தரிக்கோலால் நாடாவை வெட்டினேன். 'முத்திரை உடைக்கப்படாத நிலையில் பெறப்பட்டது' என்று பதிவேட்டில் எழுதி மூன்று பேர் கையெழுத்துப் போட்டோம். அப்போது செண்பகம் பக்கத்தில் இருந்தாள். செண்பகலட்சுமி, கம்ப்யூட்டர் பாடம் எடுப்பவள், சின்ன வயது. "மேடம், ஒரு நாள் எங்கிட்டக் குடுங்க. கம்பெனிக்காரன் கண்டதையும் போட்டு அனுப்பியிருப்பான். எல்லாத்தையும் தொடச்சிட்டு, தேவையானதை மட்டும் போட்டுத் தரேன்" என்றாள். இப்போது நீ செய்கிறாயே, அதைத்தான். நான் கொடுக்கவில்லை. இன்னொருவர் கை படக் கூடாது என்பதற்காகத்தானே புதிதாக வாங்கினோம்? "கம்பெனியை விட உங்க டிபார்ட்மெண்ட் யோக்கியமா?" என்று கேட்டேன். எல்லோரும் சிரித்தார்கள். செண்பகமும் சிரித்தாள்.

இன்னொன்றும் செய்தேன். பிரிண்டர் என் அறையில் இருந்தது. பாக்கியசீலி டைப் செய்ததைப் பென்டிரைவில் எடுத்து வந்து பிரிண்ட் போட வேண்டும். பென்டிரைவ் என்பது விரல் நுனி அளவு, எங்கே வேண்டுமானாலும் ஒளித்து வைக்கலாம். அதை நிறுத்தினேன். கல்லூரிக்குள்ளே எல்லா கம்ப்யூட்டரையும் இணைத்து ஒரு கம்பி போகிறதே, அதில் அவள் லேப்டாப்பையும் என் பிரிண்டரையும் சேர்த்துவிடச் சொன்னேன். இன்டர்நெட் கிடையாது. கல்லூரிச் சுவருக்குள் மட்டும். சுவருக்குள் ஓடும் கம்பியில் போவதை யார் எடுக்க முடியும்?

ஏன் அப்படிப் பார்க்கிறாய்? அன்றைக்கு அது சரியென்றுதான் எல்லோரும் சொன்னார்கள்.

அந்த நவம்பரில் பரீட்சை முடிந்தது. ஒரு குறையும் இல்லை. விடைத்தாள் திருத்த வெளியூரிலிருந்து ஆட்கள் வந்தார்கள். வேதியியல் திருத்திக்கொண்டிருந்த அம்மாள் ஒரு கட்டைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்தார். "மேடம், உங்க பிள்ளைங்க கேக்காத கேள்விக்கும் பதில் எழுதுறாங்களே?"

பதினான்காவது கேள்வி, ஃபீனால் என்ற பொருளைக் கியூமீனிலிருந்து எப்படித் தயாரிப்பது என்பது. எனக்கு இரண்டும் ஒன்றுதான், பெயரளவில் தெரியும். ஆனால் இருபத்திரண்டு பெண்கள் முதலில் அனிலினிலிருந்து தயாரிப்பதை ஒரு பக்கம் எழுதிவிட்டு, அதற்குப் பிறகு கியூமீனிலிருந்து தயாரிப்பதை எழுதியிருந்தார்கள். படம்கூடப் போட்டிருந்தார்கள். கேள்வித்தாளில் அந்தக் கேள்வியில் அனிலின் என்ற சொல்லே இல்லை.

அந்த இருபத்திரண்டு பேரையும் கூப்பிட்டு விசாரித்தோம். ஒருத்தி அழுதாள். செல்போனைக் கொடுத்தாள். பரீட்சைக்கு முந்திய நாளே வாட்ஸ்அப்பில் கேள்விகள் வந்திருந்தன. யார் முதலில் அனுப்பியது என்று கடைசிவரை தெரியவில்லை. வேதியியல், இயற்பியல், வணிகவியல், ஆங்கிலம் என்று எட்டுத் தாள். வேதியியல் தாளின் பதினான்காவது கேள்வி, ஆங்கிலத்தில் இருந்ததைத் தமிழில் சொன்னால், இப்படி இருந்தது: ஃபீனாலை அனிலின் கியூமீனிலிருந்து தயாரிப்பதை விவரி. பாவம், இரண்டையும் படித்திருக்கிறார்கள்.

கையெழுத்துப் பிரதியை எடுத்துப் பார்த்தோம். அதில் கியூமீன் மட்டும். அச்சான தாளில் கியூமீன் மட்டும். அப்படியானால் அனிலின் எங்கிருந்து வந்தது?

முதல்வர் அறையில் மூன்று பேர் உட்கார்ந்தோம். முதல்வர், நான், நிர்வாகத்திலிருந்து ஒருவர். பாக்கியசீலியைக் கூப்பிட்டார்கள். அவள் நின்றுகொண்டுதான் பேசினாள். உட்காரச் சொன்னோமா என்பது எனக்கு நினைவில்லை.

"இந்த அனிலின் எங்கிருந்து வந்துது பாக்கியசீலி?" என்று முதல்வர் கேட்டார்.

அவள் யோசிக்கக்கூட இல்லை. "நான் அடிச்சதுதான் மேடம். மேல் கேள்வியில அனிலின்னு இருந்துச்சு. கண்ணு அங்க போயிட்டு. உடனே அழிச்சிட்டு கியூமீன் அடிச்சேன்."

"பிரிண்ட் எடுத்த பிறகா?"

"இல்ல மேடம். அடிச்ச கையோட அழிச்சிட்டேன். அரை நிமிஷம்கூட இருக்காது."

"அப்ப அந்த வார்த்தை அங்க இருந்தது யாருக்குத் தெரியும்?"

"எனக்குத்தான் மேடம்."

நிர்வாகத்துக்காரர் கேட்டார், "வேற யாருக்கும்?"

"கர்த்தருக்குத் தெரியும் சார்."

"அவரு வாட்ஸ்அப்ல அனுப்பிருக்க மாட்டாரே?"

முதல்வருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நான் குனிந்துகொண்டேன். பாக்கியசீலி எங்களைப் பார்க்கவில்லை. தன் கை விரல்களைப் பார்த்துக்கொண்டு நின்றாள். "நான் குடுக்கல மேடம். ஆனா எப்படிப் போச்சுன்னு எனக்குச் சொல்லத் தெரியல" என்றாள். பொய் சொல்பவள் ஏதாவது ஒரு கதை வைத்திருப்பாள். அவளிடம் ஒரு கதையும் இல்லை. இது எனக்கு இப்போது தோன்றுகிறது. அன்றைக்குத் தோன்றவில்லை.

ஒரு விஷயம் உனக்குச் சொல்ல வேண்டும். வேதியியல் தாள் டைப் செய்த அன்று மத்தியானம் நான் என் அறையில்தான் இருந்தேன். த்சு என்ற சத்தம் கேட்டது. அதற்கு மறுநொடி அழிக்கும் கட்டையைப் படபடவென்று தட்டும் சத்தமும் கேட்டது. தப்பாக அடித்து உடனே அழித்தாள் என்பதற்கு நான் காதால் கேட்ட சாட்சி. ஆனால் அதைச் சொல்லி என்ன ஆகப்போகிறது? அவள் அழித்தாள் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. அழித்ததை வெளியே யார் சொன்னது என்பதுதான் கேள்வி. அதனால் நான் சொல்லவில்லை.

ஆனால் அவளுக்குச் சாதகமாக ஒன்று சொன்னேன். எட்டுத் தாள் வெளியே போயிருக்கிறது, தமிழ்த் தாள் ஒன்றுகூடப் போகவில்லை. அதையும் அவள்தான் டைப் செய்தாள். நான் சொன்னேன்: "என்ன இருந்தாலும் என் பாடத்தில் அவள் கை வைக்கவில்லை. அந்த அளவுக்கு மரியாதை இருந்திருக்கிறது. அதையும் நாம் பார்க்க வேண்டும்." தண்டனையைக் குறைக்கட்டும் என்றுதான் சொன்னேன். நிர்வாகத்துக்காரர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "அப்ப எதைக் குடுக்கணும், எதைக் குடுக்கக் கூடாதுன்னு பாத்துப் பாத்துத்தான் பண்ணிருக்கா" என்றார். அதோடு விசாரணை முடிந்தது.

பாக்கியசீலி அப்போதுதான் என்னைப் பார்த்தாள். என்ன பார்வை என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. எத்தனையோ கவிதைக்கு உரை சொன்னவள்தான்.

வரலாற்றுத் தாள்களும் எங்கள் கல்லூரியில் தமிழில்தான் டைப் செய்வோம். அவையும் வெளியே போகவில்லை. அதை நான் அன்றைக்கு நினைத்துப் பார்க்கவில்லை. வரலாற்றுத் துறைத் தலைவி மேல் யாருக்கும் அப்படி ஒரு மரியாதை இருந்ததில்லை.

நீயாக விலகிக்கொள் என்றார்கள். அவள் மாட்டேன் என்றாள். நீக்கினார்கள். அந்தக் கடிதத்தை எழுதும் பொறுப்பு எனக்கு வந்தது. கால் மணி நேரத்தில் எழுதினேன். 'தங்கள் பொறுப்பில் இருந்த ரகசியம் தங்கள் வழியாகவே வெளியேறியிருப்பது ஐயத்திற்கு இடமின்றித் தெளிவாகிறது.' ஒரு சொல்லைக்கூட மாற்ற வேண்டாம் மேடம் என்று முதல்வர் சொன்னார். நான் கையெழுத்துதான் போட்டேன். முடிவு எடுத்தது மூன்று பேர்.

மறுநாள் தேவசகாயம் வந்தார். அட்டெண்டராக இருந்த காலத்தில் போடுவாரே, அதே வெள்ளைச் சட்டை. என் முன்னால் கைகட்டி நின்றார். "எங்க வீட்டுப் பிள்ளை செஞ்ச தப்புக்கு நான் மன்னிப்புக் கேக்கேன் மேடம்."

"அவள் செய்யவில்லை என்று சொல்கிறாளே?" என்றேன். நானே கேட்டேன், தெரியுமா?

"காலேஜே எழுத்துல குடுத்திருக்கு மேடம். முப்பத்திமூணு வருசம் இந்தக் காலேஜ் எழுத்தைத்தான் தூக்கிட்டு அலைஞ்சேன். ஒரு நாளும் அது பொய் சொன்னதில்ல" என்றார்.

அந்த வாரமே பாக்கியசீலி அண்ணன் வீட்டைவிட்டுப் போய்விட்டாள். அவர் போகச் சொல்லவில்லையாம். பேசுவதை நிறுத்திவிட்டாராம்.

காபி ஆறுகிறது, குடி. என்ன அது, நீலமாக ஏதோ சுற்றிக்கொண்டே இருக்கிறது? சரி, சுற்றட்டும்.

ஒன்றரை வருஷம் போயிற்று. நான் ஓய்வுபெற இரண்டு மாதம் இருந்தது. ஒருநாள் மத்தியானம் செண்பகம் ஓடிவந்தாள். மூச்சு வாங்குகிறது. "மேடம், அந்த லேப்டாப்பைக் கொஞ்சம் திறங்க." எதற்கு என்றால், "நீங்க திறங்க" என்கிறாள். திறந்தேன். எங்கேயோ போய் ஒரு ஃபைலைத் திறந்தாள். திரை முழுக்க எழுத்து. இடைவெளி இல்லாமல், முற்றுப்புள்ளி இல்லாமல், மேலிருந்து கீழே ஓடுகிறது.

அந்த மாதிரி லேப்டாப்பைப் பற்றி ஏதோ செய்தி படித்துவிட்டு ஓடிவந்திருக்கிறாள். அவள் சொன்னதை எனக்குப் புரிந்த மாதிரி சொல்கிறேன், தப்பானால் நீ திருத்து. லேப்டாப்பில் சத்தத்தைக் கூட்டவும் குறைக்கவும் கட்டை இருக்கிறது. அதை யாராவது தட்டுகிறார்களா என்று பார்த்துக்கொண்டிருக்க ஒரு மென்பொருள். கம்பெனியே போட்டு அனுப்புவது. அது அந்த ஒரு கட்டைக்காக எல்லாக் கட்டையையும் கவனிக்கிறது. கவனித்துவிட்டு மறந்துவிட வேண்டும். ஆனால் செய்தவர்கள் சோதித்துப் பார்ப்பதற்காக எழுதி வைக்கச் சொல்லியிருக்கிறார்கள். சோதனை முடிந்த பிறகு அதை நிறுத்த மறந்துவிட்டார்கள். அதனால் அந்த லேப்டாப்பில் யார் எந்தக் கட்டையைத் தட்டினாலும் ஒன்றுவிடாமல் எழுதி வைத்துக்கொண்டே இருந்திருக்கிறது. எழுதி வைத்த இடமும் பூட்டில்லாத இடம். யார் வேண்டுமானாலும் திறக்கலாம் என்று விட்டிருக்கும் பொது இடம். பிரிண்டருக்காகக் கம்பியில் சேர்த்தோமே, அப்போது அந்தப் பொது இடத்தை எங்கள் லேபில் இருக்கும் எல்லாக் கம்ப்யூட்டரிலிருந்தும் பார்க்க முடிந்திருக்கிறது. எவளோ ஒருத்தி பிராக்டிகல் நேரத்தில் பொழுது போகாமல் திறந்திருக்கிறாள்.

தப்பாகத்தான் சொல்கிறேனா? இல்லையா? சரி.

செண்பகம் ஃபீனால் என்று தேடினாள். வந்தது. அனிலின் என்று இருந்தது. அதற்குப் பிறகு அழிக்கும் கட்டையின் அடையாளம் ஏழு முறை. பிறகு கியூமீன். எடுத்தவள் அந்த அடையாளத்தைக் கவனிக்காமல் இரண்டு பெயரையும் சேர்த்து எழுதிவிட்டிருக்கிறாள். அனிலினுக்கு ஆங்கிலத்தில் ஏழு எழுத்து. ஏழு தட்டு. எனக்கு அந்த மத்தியானம் கதவு வழியாகக் கேட்டதே, அதே படபடப்பு. அது எழுத்தாகக் கிடந்தது. நாக்குச் சத்தம் மட்டும்தான் அதில் இல்லை.

"சீலி அக்கா ஒண்ணுமே பண்ணல மேடம்" என்று செண்பகம் அழுதாள்.

நான் என்ன கேட்டேன் தெரியுமா? "அப்படியானால் தமிழ்த் தாள் ஏன் போகவில்லை?" என்று கேட்டேன்.

அவள் ஃபைலைக் கீழே உருட்டினாள். ஆங்கில எழுத்துக் குவியலாக, ஒன்றுக்கும் அர்த்தமில்லாமல் பக்கம் பக்கமாகக் கிடந்தது. "இதுதான் மேடம் தமிழ். எந்தக் கட்டையைத் தட்டினாங்கன்னுதான் இதுக்குத் தெரியும். அக்கா அடிக்கிறது பழைய டைப்ரைட்டர் முறை. அதைப் படிச்சவங்களுக்குத்தான் இது என்ன எழுத்துன்னு தெரியும். இந்தப் பிள்ளைங்களுக்கு எங்க தெரியும்? குப்பைன்னு விட்டிருப்பாங்க."

எனக்கு முதலில் வலித்தது அதுதான். சொல்வதற்கு என்ன, வயதாகிவிட்டது.

முதல்வரிடம் போனோம். அவர் கதவைச் சாத்தச் சொன்னார். "முடிஞ்சு போன விஷயம் மேடம். அடுத்த மாசம் ஆய்வுக் குழு வருது. நம்ம தாள் ஒன்றரை வருஷமா லேபுக்கே தெரிஞ்சிட்டு இருந்துதுன்னு நாமளே சொல்லுவோமா? லேப்டாப்பை மாத்திடுவோம்." மாற்றினார்கள். செண்பகம் இரண்டு தடவை மனு எழுதினாள். அவளை வேறு ஊர்க் கிளைக்கு அனுப்பினார்கள்.

நான் கல்லூரி வழியாக வேண்டாம், நானே என் பெயரில் பாக்கியசீலிக்கு ஒரு கடிதம் எழுதுகிறேன் என்று முடிவு செய்தேன். விசாரணையில் இருந்தவள், நீக்கல் கடிதத்தில் கையெழுத்துப் போட்டவள் எழுதினால் அதற்கு மதிப்பு உண்டு. ஏனோதானோ என்று எழுதக் கூடாது. நன்றாக எழுத வேண்டும். ஓய்வுபெற்ற மறுவாரமே உட்கார்ந்தேன். நடந்ததை எல்லாம் வரிசையாக எழுதிக்கொண்டு வருவேன், மென்பொருள் செய்தது, கம்பி செய்தது எல்லாம் நன்றாகவே வரும். உங்களைக் குற்றவாளி என்று முடிவு செய்தது யார் என்ற இடத்துக்கு வரும்போது வாக்கியம் நின்றுவிடும். எப்படி எழுதினாலும் ஓசை சரியாக அமையவில்லை. மூடிவைத்துவிடுவேன். மழைக்காலத்தில் எடுப்பேன். கோடையில் எடுப்பேன்.

அப்படி மூன்று வருஷம் ஆயிற்று. உடன்குடியில் ஒரு பழைய மாணவி வீட்டுக் கல்யாணம். கையில் ஒன்றும் கொண்டுபோகவில்லை. பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஒரு பாத்திரக் கடையில் எவர்சில்வர் குடம் ஒன்று வாங்கினேன். "பேர் வெட்டணுமா? அங்க அக்காட்டக் குடுங்க" என்றார் கடைக்காரர். மூலையில் முக்காலி போட்டு, மடியில் ஒரு தவலையைக் கவிழ்த்து வைத்து, கையில் அந்தச் சின்ன மெஷினோடு உட்கார்ந்திருந்தாள். கர்ர்ர் என்று காதைக் குடையும் சத்தம். நான் பக்கத்தில் போனதும் நிறுத்தினாள்.

"மேடம். நல்லா இருக்கீங்களா?"

"நீ எப்படி இருக்கிறாய் பாக்கியசீலி?"

"இருக்கேன் மேடம். என்ன பேர் போடணும்?"

சொன்னேன். ஒரு துண்டுத் தாளில் பென்சிலால் எழுதி என்னிடம் நீட்டினாள். "சரியா பாத்துக்கோங்க. இதுல அழிக்க முடியாது."

சரி என்றேன். வெட்டினாள். என்ன அழகான எழுத்து! வரி முடிந்ததும் கை ஒரு கணம் நின்றது. என்னால் அங்கே நிற்க முடியவில்லை. சொல்லிவிட்டேன். "அந்த விஷயம் கம்ப்யூட்டரில்தான் ஏதோ கோளாறாம் பாக்கியசீலி. கம்பெனி போட்டு அனுப்பியதிலேயே இருந்ததாம்."

மெஷின் நின்றது. "யாரு சொன்னா?"

"செண்பகம் கண்டுபிடித்தாள்."

"எப்ப மேடம்?"

"கொஞ்ச நாள் ஆகிறது" என்றேன்.

அவள் குடத்தின் மேலிருந்த தூளைப் புடவைத் தலைப்பால் துடைத்தாள். துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தாள். அழவில்லை. கோபப்படவும் இல்லை. "எழுத்துல குடுப்பீங்களா மேடம்?" என்று மட்டும் கேட்டாள். "நான் வாயால சொன்னா எங்க அண்ணன் நம்ப மாட்டாரு. காலேஜ் எழுத்துல குடுத்ததை நம்புனவரு. உங்க கையெழுத்து அவருக்குத் தெரியும். ஒரு வரி போதும். அவருட்டக் காட்டணும்."

"ஒரு வரி என்ன, முழுதாகவே எழுதிக்கொண்டிருக்கிறேன். அனுப்புகிறேன்" என்றேன்.

துண்டுத் தாளின் பின்பக்கம் தன் முகவரியை எழுதிக் கொடுத்தாள். அது இந்தப் பழைய லேப்டாப் பைக்குள்தான் இருக்கிறது. நீ வேண்டுமானால் பார்.

அது ஆயிற்று நாலரை வருஷம். நான் மறந்துவிட்டேன் என்று நினைக்காதே. ஒரு நாளும் மறக்கவில்லை. பத்துப் பதினைந்து பிரதி இருக்கும். ஒரு வரி போதும் என்று அவள் சொன்னது அவளுடைய பெருந்தன்மை. அதற்காக ஒரு வரி எழுதி அனுப்ப முடியுமா? படிக்கிறவர் என்ன நினைப்பார்?

உன்னைக் கூப்பிட்டதே அதற்குத்தான். பழையதில் திரை மங்கிக்கொண்டு வருகிறது. அதிலிருந்து எனக்கு வேறு எதுவும் வேண்டாம், அந்த ஒரு ஃபைலைப் புதியதில் மாற்றிக் கொடு. 'பாக்கியசீலி கடிதம் இறுதி' என்று பெயர் இருக்கும். இறுதி ஒன்று, இறுதி இரண்டு என்று நிறைய இருக்கும். கடைசியாக இருப்பதை எடு.

என்ன கேட்டாய்? வண்டியில் பிரிண்டர் இருக்கிறதா? இப்போதேவா? வேண்டாம் அம்மா. முதல் பத்தியில் ஒரு சொல் இன்னும் சரியாக உட்காரவில்லை. நீ முதலில் புதியதைச் சுத்தம் செய். அந்தச் சத்தத்துக்கான மென்பொருளை மறக்காமல் எடுத்துவிடு. எனக்குச் சத்தம் வராவிட்டாலும் பரவாயில்லை.

இனி அவசரமும் இல்லை. போன வாரம் செண்பகம் போனில் பேசினாள். தேவசகாயம் பங்குனி மாதமே இறந்துபோனாராம்.